60 பேர் கல்லூரியில் ஒரு வருடம்: சேரலாமா, வேண்டாமா?

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இருப்பவர். இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த ஒரு தாதியின் மகன். மூன்றாமவர் தேக்கா சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, நீங்க போன பைபிள் காலேஜ் எப்படி? போகலாமா?" ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதை அனுப்பினால் போதும்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் சின்ன ஊர், அதற்குள் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவ ஊர் இன்னும் சின்னது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் தமிழ் சபைகளுக்குள் வந்தால், யாருடைய மாமியார் யாருக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தார் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும்.

பெரிய கல்லூரிகளை உங்களுக்கே தெரிந்திருக்கும். திரினிட்டி இறையியல் கல்லூரி 1948இல் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் அடைபட்டுக் கிடந்த பல சபைத் தலைவர்களின் மனத்தில்தான் அது முதலில் முளைத்தது என்பார்கள். சோஃபியா மலையில் இருந்துவிட்டு 2001இல் அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மாறியது. ஆடம் சாலையில் இருக்கும் சிங்கப்பூர் பைபிள் கல்லூரி 1952இலிருந்து நடக்கிறது. நான் படித்தது இந்த இரண்டும் இல்லை. நான் சேர்ந்த 2024 ஜூலையில் என் கல்லூரியின் முழுநேர மாணவர்கள் ஏறக்குறைய 60 பேர். ஒரு திருமண வரவேற்பில் ஆறு மேசைக்கு உட்காரும் கூட்டம், அவ்வளவுதான். நல்லது கெட்டது என்று நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த எண்ணிக்கையிலிருந்துதான் வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு 49 வயது. பலதுறை மருந்தகத்தில் 25 வருடம் தாதி. மகன் தேசிய சேவைக்குப் போன வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து இந்த ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். "மகன் முகாமுக்குப் போறான், நீ விடுதிக்குப் போறே, நான் மட்டும் வீட்ல துணி மடிக்கணுமா?" என்றார் கணவர். மடித்தார். இப்போதும் மடிக்கிறார், அது இந்தப் படிப்பால் வந்த ஒரு நிரந்தர நன்மை.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது அதுதான். கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து சுமார் 11,000 வெள்ளி போனது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசாங்கம் போட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று நானும் ஆசையோடு தேடிப் பார்த்தேன். அது குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான், என் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் சபை உதவித்தொகை கொடுக்குமா என்று முதலில் போதகரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன், அப்புறம்தான் அந்த நிதியில் பணம் சும்மா கிடந்தது தெரிந்தது.

விடுதி. முதல் பருவம் முழுக்க, உள்ளூர்க்காரர்களானாலும் திங்கள் முதல் வெள்ளிவரை விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது விதி. யீஷூனில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு ஒற்றைக் கட்டிலில் படுப்பதா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அறை சிறியது, குளிர்சாதனம் கிடையாது, கூரை மின்விசிறி மூன்றாம் எண்ணில் வைத்தால் கட்டையால் தட்டுவது போலச் சத்தம் போடும். அறைக்கு இருவர். என்னோடு தங்கியவள் மிசோரமிலிருந்து வந்த 27 வயதுப் பெண்.

முதல் நாள் அறிமுகக் கூட்டத்திலேயே ஒரு கூத்து. வரவேற்பில் நின்ற பெண்மணி அவளிடம் மாண்டரினில் ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தி உச்சரித்து, "இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்றார். நான் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவள். கடவுச்சீட்டில் அசோகச் சின்னம் இருப்பது அவளுக்குத்தான். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பில் தொடங்கியதால் அந்த அறை எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அதே கேள்வி அக்டோபர்வரை நான்கு பேரிடமிருந்து வந்தது. நான்காவது முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் ஒரு கலாசார இரவு வைத்தார்கள். "இந்திய நடனம் ஒன்று போடுங்களேன், ஹிந்திப் பாட்டுக்கு" என்று எங்கள் இருவரையும் கேட்டார்கள். எனக்கு ஹிந்தி தெரியாது, அவளுக்கும் தெரியாது. கடைசியில் அவள் தன் ஊர் மேளத்தை அடித்துப் பாட, நான் பின்னால் நின்று கைதட்டினேன். அதையும் "இந்திய நிகழ்ச்சி" என்றுதான் அறிவித்தார்கள். சரி, தப்பும் இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம். விடுதிச் சமையலறையில் இரவுச் சோறு வைக்கும்போது, களைவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு பால்மாவு டின்னில் போடுவாள். மூன்றாவது வாரம்தான் கேட்டேன். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் எல்லா வீட்டிலும் செய்வதாம். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி ஒதுக்கி, வாரம் ஒருமுறை சபைக்குக் கொடுப்பார்கள், அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகும். எனக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டி, சிராங்கூன் சாலைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிடியரிசிக் கலயம் வைத்திருந்தார். அதில் கை விட்டு விளையாடியதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அம்மா காலத்தில் அது நின்றுபோனது. எங்கோ மலை மேல், இந்தியாவின் அந்தக் கோடியில், என் பாட்டியின் கலயம் இன்னும் நிறைந்துகொண்டிருக்கிறது என்று யார் கண்டார்கள்? அதற்குப் பிறகு அந்த டின்னில் இரண்டு பிடி விழுந்தது. பருவம் முடிந்ததும் எட்டுக் கிலோவுக்கு மேல் சேர்ந்தது, சமையலறை ஆன்ட்டியிடமே கொடுத்தோம்.

அடுத்து ஆராதனை. செவ்வாயும் வியாழனும் காலை 11 மணிக்கு, முக்கால் மணி நேரம். சிற்றாலயம் என்பது பெயருக்குத்தான், ஒரு பெரிய வகுப்பறையில் சிலுவை மாட்டியிருக்கும், நாற்காலிகளை நாமே போட வேண்டும். வருகைப் பதிவு உண்டு. மூன்று முறை வராவிட்டால் ஒரு மின்னஞ்சல் வரும். பதிவே தேவையில்லை என்பது என் கருத்து. 60 நாற்காலியில் ஒன்று காலியாக இருந்தால் அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குள் "உடம்பு சரியில்லையா சிஸ்டர்?" என்று ஏழு பேர் கேட்டுவிடுவார்கள். பெரிய சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன் நழுவிப் பழகியவர்களுக்கு முதல் மாதம் மூச்சு முட்டும். எனக்கு முட்டியது.

ஆராதனையை மாணவர்கள் முறைவைத்து நடத்த வேண்டும். என் முறை ஒன்பதாவது வாரம் வந்தது. "ஆங்கிலப் பாட்டுகள் போதும், எல்லாரும் பாட வசதியாக இருக்கும்" என்று பொறுப்பாளர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, மூன்றாவதாக ஒரு பழைய தமிழ் ஞானப்பாட்டைச் சேர்த்துவிட்டேன். வரிகளை ஆங்கில எழுத்தில் அடித்துத் திரையில் போட்டேன். ழகரத்துக்கு என்ன செய்தாலும் சரியாக வராது, விட்டுவிட்டேன். பியானோவில் இருந்த பெண் இரண்டு வரி வாசித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் கணீரென்று எழுந்தது. சுமத்ராவிலிருந்து வந்த பாத்தாக் தம்பி. திரையில் இருந்த தமிழை அவர் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டு தன் மொழியில் பாடிக்கொண்டிருந்தார். அதே ராகம். நாங்கள் ஞானப்பாட்டை மாட்டுவண்டி வேகத்தில் இழுப்போம், அவர்கள் நடையாகப் பாடுவார்களாம். அதனால் ஒவ்வொரு அடியிலும் அவர் முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் திணறினார்கள். இசையாகப் பார்த்தால் அன்றைய ஆராதனை படுமோசம்.

அப்புறம் கோப்பி குடிக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தோம். மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706. டென்மார்க் ராஜா அனுப்பினாலும் இருவரும் ஜெர்மானியர்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகிவிட்டது. பாத்தாக் மக்களிடம் ஊழியம் செய்த நொம்மென்சனும் ஜெர்மானியர், அவர் சுமத்ராவுக்கு வந்தது 1862. ஆக, ஒரே ஊர் ராகம் 150 வருட இடைவெளியில் இரண்டு கப்பல் ஏறி, ஒன்று காவிரிக் கழிமுகத்துக்கும் இன்னொன்று தோபா ஏரிப் பக்கத்துக்கும் போயிருக்கிறது. "அப்படின்னா நீங்க எனக்கு அத்தை முறை" என்றார் தம்பி. பாத்தாக்காரர்களுக்கு முறை சொல்லாமல் யாரோடும் பேச வராதாம். அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் என்னை "ஆன்ட்டி" என்று அழைக்காமல் அவர் மொழியில் அத்தை என்று அழைத்த ஒரே ஆள் அவர்தான்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு 4.50 வெள்ளி: சோறு, இரண்டு காய், ஒரு கறி அல்லது மீன், சூப். சமைப்பவர் அறுபதைத் தாண்டிய ஹொக்கியன் ஆன்ட்டி. காரம் கேட்டால் சம்பால் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், சமையலில் கை வைக்க விடமாட்டார். மீன் எப்போதும் நன்றாக இருக்கும். கோழிக்குழம்பு என்று வியாழக்கிழமை ஒன்று வரும், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

2025இல் சாம்பல் புதன் மார்ச் 5. அன்று தொடங்கி ஈஸ்டர்வரை நீளும் லெந்து நோன்பு நாட்களில் எங்கள் வீட்டில் 40 நாளும் மரக்கறிதான், பாட்டி காலத்திலிருந்தே அப்படி. கல்லூரியில் இதைச் சொன்னதும் சக மாணவர்கள் ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். "அது கத்தோலிக்கர்கள் செய்வதல்லவா?" "கிருபையால் இரட்சிக்கப்பட்ட பிறகு இது எதற்கு?" ஒரு பையன் கலாத்தியரைத் திறந்து நான்கு வசனம் வாசித்துக் காட்டினான். கேட்டுக்கொண்டேன். தட்டை எடுத்துக்கொண்டு ஆன்ட்டியிடம் போய், நாற்பது நாளைக்கு இறைச்சி, மீன் வேண்டாம் என்றேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "முட்டை?" என்றார். "முட்டையும் வேண்டாம்." தலையாட்டினார். அவர் ஒவ்வொரு சந்திர மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுபவர். மறுநாளிலிருந்து எனக்கென்று தனிச் சட்டியில் காளான் போட்ட பீஹூன், கங்கோங், தவ்பூ. சம்பாலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கிறது என்று அவரே என் கைக்கெட்டாமல் எடுத்து வைத்தார். 60 பேர் இறையியல் படிக்கும் இடத்தில் என் நோன்பு புரிந்த ஒரே ஆள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஊதுபத்தி ஏற்றப் போகும் ஆன்ட்டி.

இனி, கசப்பான விஷயம்.

ஏழெட்டு மாணவர்களுக்கு ஒரு விரிவுரையாளர் என்று குடும்பக் குழு பிரித்திருப்பார்கள். புதன் மாலை நான்கு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து, வாரம் எப்படிப் போனது என்று பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை நான் வாயைத் திறந்தேன். மேமோகிராம் எடுத்திருந்தேன், மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள், இடது பக்கம் ஏதோ ஒன்று தெரிகிறது, ஸ்கேன் பண்ண வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இதே செய்தியைத் தொலைபேசியில் சொன்னவள் நான். "பயப்படாதீங்க, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்று சொல்லும் குரல்கூட எனக்கு மனப்பாடம். எனக்கே வந்தபோது அந்தக் குரல் உதவவில்லை. அழுதேன். ஜெபித்தார்கள். நெஞ்சு லேசானது, அதை மறுக்க மாட்டேன்.

அன்றிரவு குழுவிலிருந்த ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அதைக் கல்லூரியின் வாட்ஸ்அப் ஜெபக்குறிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார். என் பெயர், கட்டி, ஸ்கேன் தேதி எல்லாம். அந்தப் பட்டியலில் பகுதிநேர மாணவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவரின் மாமியார் என் அம்மாவோடு ஒரே சபை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா அழைத்தார். அம்மாவுக்கு 78 வயது. "எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கியே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்காக நான் யாரையும் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

மருந்தகத்தில், நோயாளியின் கணவரே வந்து கேட்டாலும் அவர் அனுமதியில்லாமல் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூட விதி இருக்கிறது. ஜெபம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் எல்லாத் தாளும் திறந்து கிடக்கலாமா? மாணவர் நலப் பொறுப்பாளரிடம் போய் இதையே கேட்டேன். அவர் நேர்மையானவர், சாக்குச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டார். குழுவில் பேசியது குழுவோடு நிற்க வேண்டும், ஜெபக்குறிப்பு போடுவதற்கு முன் உரியவரிடம் கேட்க வேண்டும் என்று அடுத்த செவ்வாய் அறிவித்தார்கள். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் யாரோ ஒருவருடைய தங்கையின் விவாகரத்து பட்டியலில் வந்தது, பெயர் போடாமல், ஆனால் எல்லாருக்கும் புரியும்படி.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததை மறைத்தால் அது அநியாயம். அதே பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மிசோப் பெண் ஸ்கேன் அன்று வகுப்பை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். நான் வேண்டாம் என்றேன், காதில் வாங்கவில்லை. மூன்று மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து எபிரேய வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பாத்தாக் தம்பி என் பாத்திரம் கழுவும் முறையை மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், சொல்லாமலே. ஆன்ட்டி பச்சைப்பயறு இனிப்புக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அவருக்கு யார் சொன்னார்களோ. கலாத்தியர் வாசித்த பையன் அறைக் கதவில் ஒரு பை ஆரஞ்சு மாட்டிவிட்டுப் போயிருந்தான். வெறும் நீர்க்கட்டி என்று முடிவு வந்ததும் செவ்வாய் ஆராதனையில் 60 பேரும் கைதட்டினார்கள். கைதட்டும் அளவுக்கு என் உடம்பு பொதுச்சொத்தா என்று ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், வேலை பார்த்த 25 வருடத்தில் எனக்காக இத்தனை பேர் ஒரே நேரத்தில் மகிழ்ந்ததில்லை.

இளையவர்களின் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வதைவிட அவர்களே சொல்வது நல்லது. நான் பார்த்தது இவ்வளவு: ஆணும் பெண்ணும் விடுதியின் கீழ்க்கூடத்தைத் தாண்டி மேலே போகக்கூடாது, இரவு 11 மணிக்கு வாசல் பூட்டு. ஒரு பையனும் பெண்ணும் இரண்டு முறை சேர்ந்து கோப்பிக்கடைக்குப் போனால், மூன்றாவது முறை யாராவது கல்யாணத் தேதி கேட்பார்கள். வெளியே பூப்பந்து, ஃபுட்சால், வெள்ளி இரவு பலகை விளையாட்டு எல்லாம் உண்டு. தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு நூலகத்தின் மேல்மாடியைத் தவிர வேறு இடம் கிடையாது.

பருவம் நவம்பரில் முடிந்துவிடுவதால் கல்லூரிக்குக் கிறிஸ்மஸ் நவம்பர் நடுவிலேயே வந்துவிடும். தீபாவளி அலங்கார விளக்குகளையே சிராங்கூன் சாலையில் இன்னும் முழுசாகக் கழற்றியிருக்க மாட்டார்கள், நாங்கள் கேரல் பாடுவோம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள் காலை எட்டரைக்கு வகுப்பு. 1968வரை ஈஸ்டர் திங்கள் இங்கே பொது விடுமுறையாக இருந்தது என்று அம்மா இன்னும் குறைப்பட்டுக்கொள்வார். ஞாயிறு விடியற்கால ஆராதனைக்கு நான்கு மணிக்கு எழுந்த நான், திங்களன்று அம்மாவின் கட்சியில் சேர்ந்தேன்.

பாடங்கள் நன்றாகவே இருந்தன. கிரேக்கம் பயமுறுத்தும் என்றார்கள், 24 எழுத்துதான். 247 எழுத்தை ஆறு வயதில் முடித்த நமக்கு என்ன பயம்? இலக்கணம்தான் உதைத்தது.

தமிழுக்கு அங்கே என்ன இடம் என்று கேட்டீர்களானால், நூலகத்தில் ஒன்றரை அலமாரி. வாங்கியவை அல்ல, பெரும்பாலும் காலமான போதகர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. முதல் பக்கத்தில் மையில் எழுதிய பெயர்கள், ஊர்கள்: நாசரேத், பாளையங்கோட்டை, சிரம்பான். ஒரு புத்தகத்துக்குள் பழைய பஸ் சீட்டு அடையாளமாக வைத்திருந்தது, 40 காசு. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை போல. அட்டவணையில் அவற்றின் தலைப்புகளைத் தாறுமாறாக எழுத்துப்பெயர்த்திருந்தார்கள், தேடினால் கிடைக்காது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன், நூலகர் அடுத்த நாளே மாற்றிவிட்டார். வார இறுதி ஊழியப் பயிற்சிக்கு என்னைத் தமிழ் சபைக்கே அனுப்பினார்கள். புதன்கிழமை ஆங்கிலத்தில் கேட்டதை ஞாயிற்றுக்கிழமை தமிழில் சொல்ல முயன்றபோதுதான் பாதி எனக்கே புரியவில்லை என்பது தெரிந்தது. இதற்கு உதவ அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. தமிழில் பிரசங்கிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் சபைகளுக்கு ஊழியர்கள் குறைவு என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம், பயிற்சியில் தமிழ் ஒரு மணி நேரம்கூட இல்லை.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, ஆன்ட்டிக்கு.

மீன்கடையில் கேட்டவருக்கு: உங்கள் மகள் பத்தொன்பது வயது, கூட்டத்தில் பேசவே கூச்சப்படுபவள் என்றீர்கள். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வரட்டும். தாதியின் மகனுக்கு: போ தம்பி, ஆனால் புதன்கிழமை வட்டத்தில் உன் விஷயத்தை மட்டும் சொல், உன் வீட்டாருடையதைச் சொல்லாதே. பெண்கள் ஐக்கியத்து அக்காவுக்கு: நீங்கள் தாராளமாகப் போகலாம், உங்களைப் பற்றி ஊருக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை. போகிறவர்கள் ஒரு மேசை மின்விசிறி, சொந்தக் குவளை, காது அடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை ஆன்ட்டிக்கு விடுப்பு, அன்று மதியம் வெளியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.